கதீட்ரல் வரலாறு, முதலாம் பாகம்

லண்டனில் தமிழ் நூல் ஒன்றை வெளியிடுவதற்கு நூல் அவ்வளவு முக்கியமில்லை. மண்டபம் வேண்டும். குத்துவிளக்கு வேண்டும். தலைவர் வேண்டும், அவருக்குப் போர்த்தப் பொன்னாடை வேண்டும். நாலு மணி என்று அழைப்பிதழில் போட்டு ஐந்தரைக்குத் தொடங்க வேண்டும். அன்றைய மண்டபத்தில் நூலை முழுதாக வாசித்தவர்கள் யார் என்று பார்த்தால் எழுதியவரும் அச்சுக் கோத்தவரும்தான். அச்சுக் கோத்தவர் சென்னையில் இருப்பதால் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

நான் அந்த விழாக்களில் ஆய்வுரை செய்கிறவன். வாரநாட்களில் நகரக் கவுன்சிலில் வாடகை உதவிப்பண விண்ணப்பங்களைப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில், வாழ்த்துரைகள் எல்லாம் முடிந்தபின் மேடையேறி, அந்த உரைகள் ஏற்றி வைத்தவர்களை இறக்கிவிடுவேன். "கடைசியா வைத்தியநாதன் பேசுறார்" என்றால் சனம் எழும்பிப் போகாது. அதனால் விழா வைப்பவர்களுக்கு என்னைப் பிடிக்கும். நூல் எழுதியவர்களுக்கும் பிடிக்கும் என்றுதான் நீண்ட காலம் நினைத்திருந்தேன்.

1988 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அம்பலவாணன் அண்ணை பிளேஸ்டோவிலிருந்து ரயில் மாறி ரயில் ஏறி ஹரோவில் இருந்த என் வீட்டுக்கு வந்தார். ஊரில் பொதுவேலைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர். வடக்கில் எத்தனையோ பாலங்களும் ஆஸ்பத்திரிகளும் முதலில் அவர் மேசையில் கோடுகளாக இருந்தவை. 84இல் லண்டன் வந்து, ஒரு கொன்ட்ராக்ட் கொம்பனியின் ஆளாகச் சதர்க் கதீட்ரலில் காலை ஐந்திலிருந்து எட்டு வரை நிலம் துடைத்தார். லண்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்தில், மரக்கறிச் சந்தைக்கும் ரயில் பாலத்துக்கும் நடுவே ஒடுங்கி நிற்கிற, கோதிக் பாணியில் கட்டிய பழைய தேவாலயம் அது. எட்டு மணிக்கு மற்றவர்கள் அடுத்த ஷிப்டுக்கு ஓடுவார்கள். இவர் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அளவு நாடாவோடு திரும்பவும் உள்ளே போவார். நாலு வருடம் அப்படிப் போனதன் விளைவு அன்று அவர் கையில் இருந்தது. 'சதர்க் கதீட்ரல் வரலாறு, முதலாம் பாகம்.'

"ஆய்வுரை உங்களைத்தான் செய்யச் சொல்லி நான் கேட்டனான் தம்பி."

"நான் கடிப்பன் அண்ணை. தெரியும்தானே?"

"கடியுங்கோ. பிழை பிடிக்கிற ஆள்தான் எனக்கு வேணும். புகழ ஆள் கிடக்கு." சோபாவில் சாயாமல் நுனியில் இருந்தார். "ரெண்டாம் பாகம் அரைவாசி எழுதிப்போட்டன். ஆனா இதை ஒருத்தர் முழுக்க வாசிச்சு, இது சரி, இது பிழை எண்டு சொன்னாத்தான் மிச்சத்தை எழுத எனக்கு மனம் வரும். ஒருத்தர் காணும்."

என் மனைவி சிவகௌரி தேத்தண்ணியை வைத்துக்கொண்டே, "இவர் வாசிப்பார் அண்ணை. வேலைக்குப் போற ரெயின் ஓடுமட்டும் வாசிப்பார்," என்றாள். அதில் ஊசி இருந்தது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை, சந்தோஷப்பட்டார்.

வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தவர், "அறுபத்திமூண்டாம் பக்கத்தை மட்டும் கட்டாயம் பாருங்கோ," என்றார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் நூலைத் திறந்தேன். முதலில் அணிந்துரை, பதினொரு பக்கம். எழுதியவர், நூலை வெளியிடும் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் கலாநிதி தில்லையம்பலம். கலாநிதிப் பட்டம் இரசாயன உரத்துக்காகக் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் உரத்தைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றி அபிப்பிராயம் சொல்லி வந்தார். சங்கம் அச்சடிக்கிற நூல் என்றால் தலைவரின் அணிந்துரை மழை மாதிரி. வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த அணிந்துரையில், கோதிக் கட்டடங்களின் கூர்வளைவு நமது கோபுரத்தின் குழந்தை என்றும், சோழர் காலத்துக் கப்பல்களில் ஏறிய சிற்பிகள் தேம்ஸ் வரை வந்திருக்க வேண்டும் என்றும், வரவில்லை என்பதற்கு வெள்ளைக்காரனிடம் ஆதாரம் இல்லை என்றும் இருந்தது.

ஃபின்ச்லி ரோடு வருவதற்குள் இருபது நிமிடப் பேச்சுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. நான் இறங்கும் பேக்கர் ஸ்ட்ரீட்டில் நூலை மூடினேன். மொத்தம் நூற்றெழுபத்திரண்டு பக்கம். நான் வாசித்தது பதினொன்று. விண்ணப்பத்தின் முதற் பக்கத்தை வைத்தே ஆளைத் தீர்மானிப்பது எனக்குத் தொழிலில் படிந்த பழக்கம். முகப்பில் இப்படி அச்சடித்தவர் உள்ளேயும் இதைத்தானே எழுதியிருப்பார்?

விழா பிளேஸ்டோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. நடுக்கதிரையில் தில்லையம்பலம். ஓரக்கதிரையில், போர்த்த பொன்னாடை ஒரு பக்கம் வழுக வழுக இழுத்துவிட்டுக்கொண்டு அம்பலவாணன் அண்ணை. ஏழு வாழ்த்துரை. பிறகு நான்.

"அன்பர்களே, இந்தக் கதீட்ரலைக் கட்டினது எங்கட ஆக்களாம். நானும் நம்புறன். அதாலதான் கட்டி முடிக்க இருநூறு வருசம் எடுத்திருக்கு."

மண்டபம் அசைந்தது.

"எங்கட சிற்பி தேம்ஸ் கரையில இறங்கேக்கை ஹோம் ஒபீஸ்காரன் கேட்டிருப்பான், எவ்வளவு காலம் நிக்கப் போறீர்? சிற்பி சொல்லியிருப்பார், கோபுரம் முடியுமட்டும் நிக்க விடு ராசா. பிறகு அவர் ஏன் கோபுரத்தை முடிக்கிறார்?"

அந்த மண்டபத்தில் பாதிப்பேரின் அகதி வழக்கு அப்போது ஹோம் ஒபீஸில் கிடந்தது. கதிரைகள் ஆடின. தில்லையம்பலமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது தன்னுடைய பதினொரு பக்கம் என்று அவருக்கு ஞாபகம் இல்லை போலும். அல்லது நான் அதை நூலாசிரியர் தலையில் கட்டியது அவருக்கு வசதியாக இருந்திருக்கலாம். எனக்கும் அது வசதிதான். தலைவரைக் கடித்தால் அடுத்த மேடை கிடையாது. ஊதிப் பெருத்தவர்களைக் குத்துகிறவன் என்று எனக்குப் பெயர். அன்று ஊதிப் பெருத்தது நடுக்கதிரையில் இருந்தது, நான் குத்தியது ஓரக்கதிரையை.

கடைசியாக ஒன்று வைத்திருந்தேன். அவர் பக்கம் திரும்பி, "அண்ணை விடியக் காலமை போய் அந்த நிலத்தைத் துடைக்கிறார். நாலு வருசமாத் துடைச்சும் ஒரு தமிழ் எழுத்தும் வெளிக்கேல்லையோ அண்ணை? இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைக்கலாமே!" என்றேன்.

அதற்குத்தான் பெரிய சிரிப்பு. இரண்டாவது வரிசையில் அவருடைய மனைவி தவநாயகி சிரிக்கவில்லை. சில பேருக்குப் பகிடி விளங்காது என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

ஏற்புரைக்கு அம்பலவாணன் அண்ணை எழுந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தார். பிரித்துப் பார்த்தார். திரும்ப மடித்து வைத்துவிட்டு, "எல்லாருக்கும் நன்றி. தேத்தண்ணி ஆறப்போகுது," என்று இருந்துவிட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

வடைத் தட்டுக்குப் பக்கத்தில் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"தம்பி, அறுபத்திமூண்டு பாத்தனீங்களோ?"

"ஓம் அண்ணை, பாத்தன். அருமையா எழுதியிருக்கிறீங்கள்."

ஒரு வடையைக் கடித்து விழுங்குகிற நேரம் என்னைப் பார்த்தார். "சரி தம்பி," என்றார். "சம்பல் அங்கால கிடக்கு, போட்டுக்கொள்ளுங்கோ."

அந்தப் பகிடி நன்றாக ஓடியது. கலியாண வீடுகளில் அவரைக் கண்டால், "என்னண்ணை, டவர் பிரிட்ஜும் எங்கடையோ?" என்று கேட்டார்கள். குட்மேய்ஸில் ஒரு மரக்கறிக் கடையில் அவருக்குக் 'கோதிக் அண்ணை' என்றே பெயர். கொஞ்சக் காலத்தில் அவர் விழாக்களுக்கு வருவது நின்றுபோயிற்று. இதையெல்லாம் எனக்கு வந்து சொன்னார்கள். நான் அதைப் பேச்சின் வெற்றியில் சேர்த்துக்கொண்டேன்.

எட்டு வருடம் கழித்து, 1996இல், தில்லையம்பலத்துக்குப் பவளவிழா எடுத்தார்கள். தலைமைப் பதவியையும் அன்றோடு விடுகிறார். இனி அவரைக் கடிக்கலாம். பதவியை விட்டுப் போகிறவரைக் கடிக்கப் பெரிய துணிவு தேவையில்லை. அந்தப் பதினொரு பக்கத்தை இந்த முறை சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்று, ஒரு சனிக்கிழமை காலை அலுமாரியிலிருந்து நூலை இழுத்தேன். அது அணிந்துரையில் திறக்கவில்லை. தானாக நடுவில் விரிந்தது. அந்தப் பக்கத்தில் ஏதோ ஒட்டியிருந்ததால் அது தடித்திருந்தது.

பக்கம் அறுபத்துமூன்று. கூர்வளைவு பற்றிய அத்தியாயத்தின் தொடக்கம். தலைப்புக்குக் கீழே இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டுத் தாள், பசை மங்கிப் பழுப்பாகி இருந்தது. அதில் படவரைஞரின் நேரான கையெழுத்து:

'கூர்வளைவின் தோற்றம் பற்றி அணிந்துரையில் உள்ள கருத்து நூலாசிரியருடையது அன்று. அதற்கு ஆதாரம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.'

நின்றபடியே அதை இரண்டு தரம் வாசித்தேன். அவர் செய்தது விளங்கியது. தலைவரின் அணிந்துரையை மறுக்க முடியாது. மறுப்பை முகப்பில் ஒட்டவும் முடியாது. ஆகவே தலைவர் எந்தக் காலத்திலும் வந்து சேர மாட்டாத ஒரு பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். ஆய்வுரைகாரன் வந்து சேருவான் என்று நம்பியிருக்கிறார். அப்படியென்றால் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் நான் சொன்ன "ஓம்" அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கும்.

"என்ன, முகம் செத்துக் கிடக்கு?" என்றாள் சிவகௌரி. துண்டுத் தாளைக் காட்டினேன். வாசித்தாள். "அண்டைக்கே ரெயின் இன்னும் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்றும் அடுத்த நாளும் நூலை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். சோழரும் இல்லை, கப்பலும் இல்லை. அது இப்படித் தொடங்கியது:

'நிலம் துடைக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நடப்பார்கள். அவன் கீழே பார்க்கிறான். எந்தக் கல் பழையது, எது பிற்காலத்தில் செருகியது என்பதை ஈரம் காய்கிற வேகம் அவனுக்குச் சொல்லிவிடும். உள்ளே வந்ததும் எல்லோரும் வாய் பிளந்து பார்க்கிற மேற்குப் பக்கத் தூண்களுக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. விக்டோரியா காலத்தில் பழையது போலக் கட்டியவை. எழுநூறு வருடக் கல் வேண்டுமென்றால் கிழக்கே நடக்க வேண்டும். அங்கே கூட்டம் குறைவு.'

கூர்வளைவுக்கு அவர் சொன்ன காரணம் ஒரு பந்தி. அரைவட்ட வளைவில் அகலத்தைத் தீர்மானித்தால் உயரமும் தீர்மானமாகிவிடும். கூர்வளைவில் இரண்டும் ஒன்றையொன்று கேட்கத் தேவையில்லை. பாரமும் பக்கவாட்டில் அதிகம் தள்ளாமல் கீழே இறங்கும். 'இதில் பக்தி எவ்வளவு, வசதி எவ்வளவு என்று பிரிப்பது கடினம். நான் கட்டட வேலையில் கண்ட அளவில், வசதி முதலில் வரும்.'

மேற்குப் பக்கத்தில் கல்லால் போட்ட பழைய கூரை ஒரு நாள் இடிந்து விழுந்ததைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் இருந்தது. விழுந்த கல்லை அள்ளிப் போட்டுவிட்டு, அடுத்து வந்தவர்கள் மரத்தில் கூரை போட்டார்கள். 'திரும்பவும் கல்லில் போட்டுப் பார்ப்போம் என்று அவர்கள் அடம்பிடிக்கவில்லை. தோற்றதைத் தோற்றது என்று ஒப்புக்கொண்ட அந்தக் கட்டடக்காரரை நான் மதிக்கிறேன். அவர் பெயர் எங்கும் இல்லை.'

நூல் 1540க்குக் கிட்ட முடிந்தது. கதீட்ரல் அப்போது துறவிகளின் மடம். மன்னர் அதைக் கலைக்கிறார், அவர்கள் வெளியேறுகிறார்கள். கடைசி வரி: 'அதன்பின் இந்தப் புனிதத் தலத்தின் பின்பகுதியை வாடகைக்கு விட்டார்கள். இரண்டாம் பாகத்தில் ரொட்டிக்காரரும் பன்றிகளும் வருவார்கள்.'

கதீட்ரலுக்குள் ரொட்டிச் சூளையும் பன்றித் தொழுவமும்! எந்தப் பெருமையிலிருந்தும் காற்றை இறக்குவதற்கு இதைவிட என்ன வேண்டும்? நான் வாழ்நாள் முழுவதும் மேடையில் தேடியது அந்தக் கடைசிப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. நான் பேக்கர் ஸ்ட்ரீட்டில் இறங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக் கதீட்ரலுக்குப் போனேன். நூலைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் சொன்ன ஒழுங்கில், நிலத்தைப் பார்த்தபடி கிழக்கு நோக்கி நடந்தேன். கழற்றி எடுத்த பழைய மரக்கூரையின் செதுக்குக் குமிழ்களை ஓரிடத்தில் வைத்திருந்தார்கள். ஒன்றில் ஒரு பிசாசு யூதாஸை விழுங்கிக்கொண்டிருந்தது. கால்கள் மட்டும் மிச்சம். பக்கத்தில் இருந்த குறிப்பை வாசித்தேன். நூலைப் புரட்டினேன். திரும்பவும் குறிப்பைப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை பிளேஸ்டோவுக்குப் போனேன். பழைய விலாசத்தில் வேறு யாரோ இருந்தார்கள். அடுத்த தெருவில், கீழ்த்தட்டு ஃபிளாட் ஒன்றில் தவநாயகி அக்கா கதவைத் திறந்தார்.

"ஆர், ஆய்வுரையோ? வாங்கோ," என்றார். பிறகு உள்ளே திரும்பி, "இஞ்சேருங்கோ, உங்களைத் தேடி ஒருத்தர் வந்திருக்கிறார். எட்டு வருசத்தில புத்தகத்தோட வந்த முதல் ஆள்."

அம்பலவாணன் அண்ணை கதிரையை விட்டு எழும்பப் பார்த்தார். முழங்கால் விடவில்லை. "இருங்கோ தம்பி. கல்நிலம் என்ரை முழங்காலைத் திண்டு போட்டுது. மூண்டு வருசமா வேலையில்லை."

என்னவெல்லாமோ ஆயத்தப்படுத்திக்கொண்டு போயிருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, "அண்ணை, அறுபத்திமூண்டு பாத்தன்," என்றேன்.

அவர் என் மடியிலிருந்த நூலைப் பார்த்தார். பிறகு, "ஐந்நூறு புத்தகத்துக்கும் நான் எழுத, இவ கோதம்பமாவில பசை காய்ச்சி ஒட்டினவ. குசினி முழுக்க மா," என்றார்.

"மூண்டு நாள்," என்றார் அக்கா. "கையெல்லாம் பிசுபிசு எண்டு. ஆர் பாக்கப்போகினம் எண்டு அப்பவே கேட்டனான். வைத்தியநாதன் பாப்பார் எண்டு சொன்னவர்."

"சும்மா இரும்."

"நான் சொல்லுவன். நிலம் துடைக்கிறதைச் சொல்லிச் சிரிச்சவையெல்லே."

"அந்தப் பகிடிக்கு எனக்கும் சிரிப்பு வந்தது," என்றார் அவர். என்னை நேரே பார்த்தார். "உண்மையாத்தான் தம்பி. நீங்கள் நல்லாப் பேசினீங்கள். பகிடிக்காக நான் எழுதுறதை விடேல்லை. பிறகு கேட்டனான்தானே, பாத்தனீங்களோ எண்டு. இல்லை எண்டு சொல்லியிருந்தா, சரி, இனிப் பாப்பார் எண்டு நினைச்சிருப்பன்."

தேத்தண்ணி வந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாம் பாகம் அண்ணை? அந்தப் பன்றியள்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்கள் அதைத்தான் கேப்பீங்கள் எண்டு தெரியும். உங்களை நினைச்சுத்தான் அதைக் கடைசி வரியில வைச்சனான். இந்த மனுசன் இதைக் கண்டால் மேடையில விடமாட்டார் எண்டு." சிரிப்பு மெல்ல நின்றது. "அஞ்சு கொப்பி எழுதினது. இஞ்சை கீழ்த்தட்டுக்கு மாறேக்கை சாமான் ஏத்திற கவுன்சில் வான் ஒருக்காத்தான் வரும் எண்டாங்கள். எதை ஏத்துறது, எதை விடுறது எண்டு இவ கேட்டா. அதை விடும் எண்டு சொல்லிப்போட்டன்."

"திரும்ப எழுதேலாதோ அண்ணை? நான் வந்து எழுதித்தாறன். நீங்கள் சொன்னாக் காணும்."

"அளவெல்லாம் கொப்பியில இருந்தது தம்பி. திரும்ப முழங்காலில நிண்டு அளக்கவேணும். ஏலாது." வேண்டாம் என்ற கோபத்தில் சொல்லவில்லை. ஒரு கட்டடத்தின் நிலைமையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"பவளவிழாவில நான் பேசுறன். அணிந்துரை ஆரின்ரை, புத்தகம் ஆரின்ரை எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லுறன்."

"அந்தாளை விடுங்கோ. எழுபத்தைஞ்சு வயசில ஒரு மாலை போடேக்கை அந்தக் கதை ஏன்?" கையை அசைத்தார். "நான் உங்களிட்டை அதையோ கேட்டனான்?"

இல்லை. அவர் கேட்டது வேறு. மேடையில் திருத்தம் சொல்வது எனக்குச் சுகமாக இருக்கும். அவருக்கு அதில் ஒன்றும் இல்லை. கோப்பையைக் கீழே வைத்தேன். மடியிலிருந்த நூலை விரித்தேன்.

"எண்பத்தெட்டாம் பக்கத்தில ஒரு பிழை கிடக்கு அண்ணை."

அவர் முகம் மாறியது. "எங்கை?"

"கல்லுக் கூரை விழுந்த ஆண்டு. 1496 எண்டு போட்டிருக்கிறீங்கள். கதீட்ரலில போய்ப் பாத்தன். 1469."

"தவம், என்ரை கண்ணாடி. பென்சிலும்."

அக்கா கண்ணாடியைக் கொடுத்தார். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அவருடைய பிரதியையும் எடுத்து மடியில் வைத்தார். அண்ணை எண்பத்தெட்டைப் பிரித்து, விரலை வரியில் வைத்து, மெதுவாக வாசித்தார். தலையை ஆட்டினார். அடிமட்டம் இல்லாமல் நேர்கோடாக ஒரு கோடு கீறி, மேலே சிறிய இலக்கத்தில் 1469 என்று எழுதினார். ஓரத்தில் அன்றைய தேதியைப் போட்டார்.

"எட்டு வருசம் பிழையாக் கிடந்திருக்கு," என்றார். "அச்சில மாறினதோ, நான்தான் மாத்தி எழுதினனோ தெரியேல்லை. கொப்பி இருந்தாப் பாக்கலாம்."  பிறகு கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, பென்சிலை அடுத்ததற்கு ஆயத்தமாகத் தூக்கினார்.

"வேறை?"

வேறு எதுவும் இல்லை. மூன்று தரம் வாசித்திருந்தேன். ஒரு நூலில் இன்னும் நாலைந்து பிழைகளாவது இருந்திருக்கக் கூடாதா என்று என் வாழ்நாளில் முதல் தடவையாக ஆசைப்பட்டேன். அவர் பென்சிலை இறக்காமல் வைத்திருந்தார். நான் முதலாம் பக்கத்திலிருந்து திரும்பவும் புரட்டத் தொடங்கினேன்.